விழாவுக்குப் போவதா, விருந்தாளியை அழைப்பதா: திருகோணமலைக் கலைக்குழுக்களுக்கு நான்கு வழிகள்

மழை விட்டு, வேளாண்மை வெட்டு முடிந்த கையோடு எங்கள் மாவட்டத்தில் கூத்துக் கொப்பிகள், அதாவது கூத்தின் பாட்டும் வசனமும் எழுதிய ஏடுகள், வெளியே வரும். கூடவே என் வீட்டு வாசலுக்குக் கேள்விகளும் வரும். எனக்கு ஆடவும் வராது, பாடவும் வராது. ஆங்கிலப் படிவம் நிரப்ப வரும். அதனால் கலைக்குழுக்களின் விண்ணப்பம், செலவுக் கணக்கு, விசாவுக்கான கடிதம் எல்லாம் பல வருடமாக என் மேசையில்தான் தட்டச்சாகின்றன.

இந்த மாசியில் மூன்று குழுக்கள் வந்தன. மூதூர்ப் பக்கத்துக் கூத்துக் குழு ஒன்றுக்கு ஐரோப்பாவின் நாட்டார் கலை விழாவொன்றிலிருந்து அழைப்பு. பன்னிரண்டு பேர் போக வேண்டும். கிண்ணியாவில் பொல்லடியும் (கம்படித்து ஆடும் ஆட்டம்) றபானும் (கைமேளம்) பழகும் இளைஞர்களுக்குக் கொழும்பில் நடக்கும் சர்வதேச விழாவொன்றில் நுழைய ஆசை. திருகோணமலை நகரில் நான்கு பேர் கொண்ட இசைக்குழுவுக்கோ வேறு மாதிரியான சிக்கல்: வெளிநாட்டுத் தாளவாத்தியக் கலைஞர் ஒருவர் இங்கே வந்து ஒரு மாதம் தங்கிச் சேர்ந்து வாசிக்க விரும்புகிறார், அவரை அழைக்கலாமா என்று. மூவரும் கேட்டது ஒன்றுதான்: "எது நல்லது?"

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதுகிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பது போகப் போகத் தெரியும், ஒளிக்கவில்லை.

## முதலில், எதை வைத்து அளப்பது?

அழைப்புக் கடிதத்தில் இருக்கும் நாட்டின் பெயரை வைத்து அளக்கக் கூடாது. நான் பார்ப்பது ஐந்து.

சேர்ந்து வேலை செய்யும் நாட்கள். இரண்டு நாட்டுக் கலைஞர்கள் ஒரே மேடையில் அடுத்தடுத்து ஏறி இறங்கினால் அது நிகழ்ச்சி நிரல், அவ்வளவுதான். ஒருவரின் தாளத்தில் மற்றவர் தடுக்கி விழுந்து எழும்ப நாட்கள் வேண்டும். ஆகவே "எத்தனை நிமிடம் மேடை?" என்று கேட்கும் முன் "எத்தனை நாள் ஒத்திகை?" என்று கேளுங்கள். இந்த ஐந்தில் நான் அதிகம் நம்புவது இதைத்தான்.

கத்தி யார் கையில். விடியவிடிய ஆடும் கூத்து நாற்பது நிமிடமாகும்போது எது போகும், எது நிற்கும் என்பதை யார் முடிவு செய்கிறார்?

காசு வரும் நேரம். தொகை பெரிதா சிறிதா என்பது இரண்டாவது கேள்விதான். முற்பணமா, பற்றுச்சீட்டுக் கொடுத்தபின் வரும் காசா என்பதே முதல் கேள்வி.

போகும் கூலி. எங்கள் கூத்தர்களில் பாதிப் பேர் கடலுக்குப் போகிறவர்கள், மற்றவர்கள் வயல், மேசன் வேலை. பத்து நாள் போனால் பத்து நாள் அடுப்பு எப்படி எரியும்? எந்த விழாவின் படிவத்திலும் இதற்கு ஒரு கட்டம் நான் கண்டதில்லை.

முடிந்தபின் கையில் இருப்பது. உறவா, ஒலிப்பதிவா, புதிய உருப்படியா, ஒரு நினைவுச் சின்னமா?

## வழி ஒன்று: வெளிநாட்டு விழாவுக்குப் போவது

'அழைப்பு' என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று வேறு வேறு கணக்குகள் ஒளிந்திருக்கின்றன. 1947இல் ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் சர்வதேச விழா தொடங்கியபோது, அழைக்கப்படாத எட்டு நாடகக் குழுக்கள் தாங்களாகவே வந்து ஓரமாக மேடை போட்டன. அதிலிருந்து வளர்ந்ததுதான் 'ஃபிரிஞ்ச்'. இன்றும் இரண்டும் ஒரே ஊரில் ஓகஸ்ட் மாதத்தில்தான் நடக்கின்றன, ஆனால் கணக்கு நேரெதிர். சர்வதேச விழா தெரிந்தெடுத்து அழைக்கும். ஃபிரிஞ்சில் யாரும் பங்குபற்றலாம். பதிவுக் கட்டணம், மண்டபம், தங்குமிடம், விளம்பரம் எல்லாம் குழுவின் தலையில். ஊருக்குத் திரும்பி வந்து "எடின்பரோவில் ஆடினோம்" என்று இரு சாராரும் சொல்லிக்கொள்ளலாம், ஒருவர் கடனோடு சொல்வார்.

மூன்றாவது வகை நாட்டார் கலை விழாக்கள். 1970இல் பிரான்சின் கொன்ஃபோலான் நகரில் உருவான 'சியோஃப்' என்ற சர்வதேச அமைப்போடு சேர்ந்த விழாக்களும் இந்த வகைதான். இங்கே பொதுவான வழமை என்னவென்றால், சாப்பாடு, தங்குமிடம், உள்ளூர்ப் போக்குவரத்து விழாவின் பொறுப்பு; அங்கே போய்ச் சேரும் செலவு குழுவின் பொறுப்பு. பக்கத்து நாட்டிலிருந்து பஸ்ஸில் வந்திறங்கும் குழுவுக்கு இது நியாயமான ஏற்பாடு. கட்டுநாயக்காவில் பன்னிரண்டு பேர் விமானம் ஏற வேண்டிய குழுவுக்கு? மூதூர்க் குழுவுக்கு வந்த கடிதம் இந்த வகைதான். "எல்லாம் இலவசமாம்" என்று ஊரில் கதை பரவிவிட்டது. கடிதத்தின் மூன்றாவது பந்தியை யாரும் வாசித்திருக்கவில்லை.

அடுத்து விசா. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு 2024 ஜூனிலிருந்து ஆளுக்கு 90 யூரோ. பன்னிரண்டு பேருக்கு 1,080 யூரோ. எங்கள் காசில் மூன்று இலட்சத்தைத் தாண்டும். மறுத்தால் திரும்பி வராது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி எல்லை 15 நாள். கைவிரல் அடையாளம் கொடுக்க எல்லோரும் இரவு பஸ் ஏறிக் கொழும்புக்குப் போக வேண்டும். அதற்கு முன் கடவுச்சீட்டு வேண்டும், அதற்கு வவுனியா, பத்தரமுல்லை போன்ற ஊரில் உள்ள அலுவலகத்துக்குப் போக வேண்டும். இப்படி ஒரு ஆளுக்கு இரண்டு மூன்று நாள் கூலி விழா தொடங்கும் முன்பே போய்விடும்.

பணச் செலவைவிடக் கொடுமையானது பாதிக் குழுவுக்கு மட்டும் விசா கிடைப்பது. சில வருடங்களுக்கு முன் நான் எழுதிக் கொடுத்த ஒரு விண்ணப்பத்தில் எட்டுப் பேரில் இரண்டு பேரை மறுத்தார்கள். ஒருவர் இளைஞர், அவர் இடத்துக்கு வேறு ஆள் போடலாம். மற்றவர் அண்ணாவியார், கூத்தைப் பழக்கி நடத்தும் ஆசான். வங்கிக் கணக்கில் காசில்லை, காணி உறுதி இல்லை, வயது அறுபதைத் தாண்டிவிட்டது. திரும்பி வருவார் என்பதற்கு ஆதாரம் போதாதாம். அவர் இல்லாமல் மற்றவர்கள் போனார்கள், மத்தளத்தை அவருடைய மருமகன் அடித்தார். விழாக்காரர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. தெரியவில்லை என்பதுதான் அண்ணாவியாரை நோகடித்தது.

பிரிட்டனில் ஒரு வசதி உண்டு. அரசு வெளியிடும் குறிப்பிட்ட விழாக்களின் பட்டியலில் உள்ள விழா என்றால், சாதாரண வருகையாளர் விசாவிலேயே போய் ஆடி ஊதியமும் பெறலாம். எடின்பரோ விழாக்கள் அந்தப் பட்டியலில் இடம்பெற்றவை. உங்களை அழைத்தவரிடம் "உங்கள் விழா அந்தப் பட்டியலில் இருக்கிறதா?" என்று ஒரு வரி கேட்டாலே பாதி வேலை முடியும்.

பொதி இன்னொரு தலையிடி. வடமோடிக் கூத்தின் கூடைபோல் விரிந்த கரப்புடுப்பும் கிரீடமும் விமானப் பெட்டிக்குள் அடங்கும் சாமான்கள் இல்லை. மத்தளத்தின் தோலோ எல்லா நாட்டுச் சுங்கத்தையும் சும்மா கடந்துவிடாது. அவுஸ்திரேலியா போன்ற நாட்டில் ஆட்டுத்தோல் மேளத்தைக்கூட அறிவித்துத்தான் கொண்டுபோக வேண்டும். பரம்பரையாக வந்த பழைய உடுக்கு, சலங்கை என்றால் இங்கிருந்து வெளியே எடுக்கவே தொல்லியல் பக்கத்து அனுமதி தேவைப்படலாம். பழையதை வீட்டில் வைத்துவிட்டுப் புதியதைக் கொண்டுபோங்கள்.

இப்போது கத்திக்கு வருவோம். அழைப்பில் "35–40 நிமிடம்" என்று இருந்தது. கூத்தில் பாத்திரங்கள் களரிக்குள் வந்து ஆடும் முதல் ஆட்டத்தை வரவு என்போம். அதைப் படித்துச் சொன்னதும் மூதூர் அண்ணாவியார் கேட்டார்: "தம்பி, வரவு ஆடி முடியவே அரை மணித்தியாலம் போயிருமே. மிச்சம் அஞ்சு நிமிசத்தில போரும் முடிஞ்சு மங்களமும் பாடுறதா?"

சுருக்குவது பாவமில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில், விடியவிடிய ஆடிய கூத்தை, ஒரு பக்கமிருந்து மட்டும் பார்க்கும் படச்சட்ட மேடைக்குச் சுருக்கித்தான் புது வழி திறந்தார். ஆனால் அதை மட்டக்களப்பு அண்ணாவிமாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்துச் செய்தார். மின்னஞ்சலில் வந்த நிமிடக் கணக்குக்காகச் செய்யவில்லை. வெளிநாட்டுப் பார்வையாளருக்குப் பொறுமை இல்லை என்பதும் முழு உண்மையல்ல. 1985இல் பிரான்சின் அவிஞ்ஞோன் விழாவில் நாடக இயக்குநர் பீட்டர் புரூக் மகாபாரதத்தை ஒன்பது மணித்தியால நாடகமாக ஒரு கல்லுடைக்கும் குழிக்குள் போட்டார். இரவு முழுக்க விழித்திருந்து பார்த்தார்கள். நாங்கள் அதே கதையைத்தான் ஆடுகிறோம். நேரம் பெரிய பெயருக்குக் கிடைக்கிறது, எங்களுக்குக் கிடைப்பதில்லை.

அப்படியென்றால் யார் போகலாம்? நான்கு பேருக்கு மேற்படாத குழு. ஏற்கெனவே ஒரு மணித்தியாலத்துக்குள் அடங்கும் உருப்படி. தொழிற் கடிதமும் வங்கிக் கணக்கும் உள்ள இளைஞர்கள். விமானச் சீட்டை அழைப்பவரே வாங்கி அனுப்பும் விழா. நிகழ்ச்சிக்கு முன்னோ பின்னோ மூன்று நான்கு நாள் பட்டறை இருந்தால் இன்னும் நல்லது. இதெல்லாம் பொருந்தினால் தாராளமாகப் போங்கள். ஒரு பெரிய விழாவில் பத்து நாள் மற்றவர்களின் வேலையைப் பார்ப்பதே ஒரு படிப்பு, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

வெளிநாடு என்றால் ஐரோப்பா என்றே ஏன் நினைக்கிறோம்? கேரள சங்கீத நாடக அக்கடமி 2008இலிருந்து திருச்சூரில் நடத்தும் சர்வதேச நாடக விழாவுக்கு உலகத்தின் பல மூலைகளிலிருந்து குழுக்கள் வருகின்றன. காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்கு 2023 ஒக்டோபரில் கப்பல் தொடங்கியது. மாரியில் நின்று நின்று ஓடினாலும், மேளமும் உடுப்பும் கொண்டுபோகிறவர்களுக்கு விமானத்தைவிடத் தோதானது. நாகப்பட்டினத்தில் போய் இறங்கினால் மொழிபெயர்ப்பாளரும் தேவையில்லை. கனடாவிலும் லண்டனிலும் எங்கள் ஆட்கள் நடத்தும் விழாக்களை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அது உறவினர் வீட்டுக்குப் போவது. நல்ல விஷயம்தான், ஆனால் வேறு விஷயம்.

## வழி இரண்டு: இங்கே அழைத்து, சேர்ந்து செய்வது

வெளிக் கலைஞர் ஒருவரோ இருவரோ மூன்று நான்கு வாரம் வந்து தங்குவார்கள். கடைசியில் ஊர்த் திருவிழாவிலோ, கூத்தாடும் வட்டக்களரியிலோ, டச்சுக்குடாக் கடற்கரையிலோ சேர்ந்து ஒரு நிகழ்வு. பெரிய விழாக்காரர்கள் இதைக் கலைஞர் வதிவிடம் என்பார்கள். எங்கள் ஊரில் "அந்த வெள்ளைக்காரத் தம்பி இன்னும் நிக்கிறாரா?" என்பார்கள்.

நான் கிட்ட நின்று பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். வந்தவர் தாளவாத்தியக்காரர், வயது முப்பத்தைந்து இருக்கும். முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. அவர் தன் கருவிகளைப் பரப்பிவைத்துக் காத்திருந்தார். எங்கள் ஆட்கள் மாலையில் வந்து தேநீர் குடித்துவிட்டு வழமைபோல் பழகிவிட்டுப் போனார்கள். எட்டாம் நாள் அண்ணாவியார் அவர் கையில் சல்லரியை, அதாவது கைத்தாளத்தை, கொடுத்து, "இதைப் பிடிச்சு நில்லுங்க தம்பி, வேற ஒண்டும் வேணாம்" என்றார். மேளகாரரைத் தாளம் போட விடுவது அவமதிப்பு என்று நான் பதறினேன். அவர் நின்றார். மூன்று நாள் தாளம் மட்டும். அதன்பிறகுதான் சண்டை தொடங்கியது. அவர் தாளக்கட்டுகளை எண்ணினார். எங்கள் மத்தளகாரர் எண்ணுவதில்லை, ஆட்டக்காரனின் காலைப் பார்த்து அடிப்பார். ஆட்டக்காரன் களைத்தால் தாளம் கொஞ்சம் இளகும், வீரம் ஏறினால் முறுகும். "இது பிழையா, வேண்டுமென்றே செய்வதா?" என்று அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல இரண்டு மாலைகள் போயின. மத்தளகாரருக்கே அப்போதுதான் தான் செய்வது என்ன என்று தெரிந்தது என நினைக்கிறேன். கடைசி இரவு அவர் தனியாக எதுவும் வாசிக்கவில்லை. பிற்பாட்டுக்காரர் வரிசையில் நின்று விடியும்வரை சல்லரி போட்டார். நிதி தந்தவர்களுக்கு நான் அனுப்பிய அறிக்கையில் "கூட்டுப்படைப்பு" என்று எழுதக் கை கூசியது. ஆனால் அந்த வருடத்திலிருந்து எங்கள் மத்தளகாரர் சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் விதமே மாறிவிட்டது.

இந்த வழியில் கத்தி எங்கள் கையில். கூலி இழப்பு மிகக் குறைவு, ஏனென்றால் ஒத்திகை மாலையில். ஆண்கள் காலையில் கடலுக்குப் போய்விட்டு வரலாம். போகும் பன்னிரண்டு பேர் மட்டும் பார்ப்பதை முழு ஊரும் பார்க்கிறது.

மறைந்த செலவுகளும் உண்டு, அவற்றைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்யன். முதலாவது, சமைப்பது யார்? விருந்தாளி தங்கிய வீட்டில் அம்மாவும் மகளும் நான்கு வாரம் உறைப்புக் குறைத்துத் தனிக்கறி வைத்தார்கள், துணி தோய்த்தார்கள். செலவுத் திட்டத்தில் "தங்குமிடம்" என்று ஒரு வரி இருந்தது. அவர்களின் உழைப்புக்கு ஒரு வரியும் இல்லை, எழுதியவன் நான். இப்போது "வீட்டுப் பராமரிப்பு ஊதியம்" என்று தனி வரி போடாமல் எந்தத் திட்டத்தையும் அனுப்புவதில்லை.

இரண்டாவது, நிதியின் சாய்வு. கோதே நிறுவனம், பிரிட்டிஷ் கவுன்சில், தெற்காசியாவுக்கான வேலைகளைப் புதுடில்லியிலிருந்து கவனிக்கும் சுவிஸின் ப்ரோ ஹெல்வேசியா போன்ற பண்பாட்டு நிறுவனங்கள் கலைஞர் பயணத்துக்கு உதவுவதுண்டு. ஆனால் பொதுவாகப் பார்த்தால், இப்படிப்பட்ட நிதிகள் பயணம் செய்கிறவரைச் சுற்றியே வரையப்பட்டிருக்கும். விருந்தாளிக்கு ஊதியம், வீட்டுக்காரருக்கு நன்றி. விண்ணப்பத்தை அவர் எழுதும்போதே உள்ளூர்க் கலைஞர் ஊதியத்தையும் அதே படிவத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். அவர் வந்திறங்கியபின் கேட்டால் கேட்டதாகவே இருக்கும்.

மூன்றாவது, அனுமதி. சுற்றுலா விசாவில் வந்தவர் ஊதியம் வாங்கி மேடையேறக் கூடாது, அதற்கு வேறு அனுமதி. மேடை நாடகமாகப் போட்டால் பிரதியைத் தணிக்கைச் சபைக்கு அனுப்ப வேண்டும். அந்தச் சட்டம் 1912ஆம் ஆண்டுக்குரியது, இன்னும் உயிரோடு இருக்கிறது. கிராம உத்தியோகத்தருக்கும் பொலிசுக்கும் முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுத்துவிடுவது நல்லது. யாராவது வந்து விசாரிக்கும்போது கொடுப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

நான்காவது ஒலிப்பதிவு. வந்தவர் நல்ல மனிதராகவே இருப்பார். ஆனால் அவர் பதிவு செய்த வரவுப்பாட்டு இரண்டு வருடம் கழித்து ஒரு இசைத்தட்டில் அவர் பெயரோடு வந்தால்? இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் வெளிப்பாடுகளுக்கும் பாதுகாப்புத் தருகிறது. அந்தச் சட்டத்தை இன்னொரு நாட்டில் ஓட்டுவது கடினம், ஒரு பக்க ஒப்பந்தம் எழுதுவது சுலபம். யார் பதிவு செய்யலாம், எங்கே போடலாம், யார் பெயர் முதலில், காசு வந்தால் எப்படிப் பிரிப்பது. தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, முதல் நாள் தேநீர் குடிக்கும்போதே கையெழுத்து வாங்குங்கள். கடைசி நாள் கட்டிப்பிடித்து அழும்போது யாருக்கும் கேட்க வாய் வராது.

காலமும் முக்கியம். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை எங்களுக்கு மழை, வெளிக்களரி நினைக்கவே முடியாது. ஏப்ரல் தொடக்கம் கடல் அடங்கும். மீன்பிடிகாரருக்கு அதுதான் உழைப்புக் காலம். உப்புவெளி, நிலாவெளி அறை வாடகையும் அப்போதுதான் ஏறும். பெப்ரவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் முடியும்வரை ஒரு இடைவெளி. பங்குனியில் கோணேசர் கொடியேற்றம் வரும், அதையும் பார்த்துக்கொண்டு நாள் குறிக்க வேண்டும். வெளிநாட்டார் பலருக்கு ஓகஸ்ட்தான் விடுமுறை, அவர்கள் ஓகஸ்ட் கேட்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள்.

## வழி மூன்று: கொழும்பு, யாழ்ப்பாண சர்வதேச விழாக்கள்

விசா இல்லை, கடல் கடக்க வேண்டாம், பொதி லொறியில் போகும். 2013இல் தொடங்கிய கொழும்புஸ்கோப் விழா பல கலைகளையும் ஒரு கருப்பொருளின்கீழ் கோக்கும் விழா. அண்மைய காலத்தில் ஜனவரியில் நடப்பதால் எங்கள் மழைக்காலத்துக்குத் தோது. யாழ்ப்பாணத்தில் 2015இலிருந்து சர்வதேசத் திரைப்பட விழா நடக்கிறது. குறும்படம் எடுப்பவர்களுக்கு இதைவிடக் கிட்டிய கதவு இல்லை.

நாட்டார் கலைக்கு என்று பார்த்தால், சேவாலங்கா என்ற தொண்டு நிறுவனம் நோர்வேயின் அரச இசை நிறுவனத்தோடு சேர்ந்து 2011இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய இசை விழா ஒரு நல்ல முன்மாதிரி. காலியில் ஒரு வருடம், யாழ்ப்பாணத்தில் ஒரு வருடம் என்று, சிங்கள, தமிழ், முஸ்லிம் நாட்டார் குழுக்களை வெளிநாட்டுக் குழுக்களோடு ஒரே திடலில் இறக்கியது. மாலை மேடையைவிட, பகலில் மரத்தடியில் நடந்த சின்னச் சின்னச் செய்முறைகள்தான் அதில் பேசப்பட்டவை. ஆனால் இப்படிப்பட்ட விழாக்கள் வெளிநாட்டு நிதியில் நிற்பவை. நோர்வே 2023இல் கொழும்புத் தூதரகத்தையே மூடிவிட்டது. அடுத்த வருடமும் நடக்கும் என்று நம்பி வருடத் திட்டம் போட முடியாது.

இந்த வழியின் மறைந்த செலவு மரியாதை சம்பந்தமானது. பெரிய விழாவில் கிழக்கிலிருந்து வரும் நாட்டார் குழு பல தடவை விளக்கேற்றும்போது மேளம் அடிக்கும் குழுவாகிவிடுகிறது. விருந்தினரை வாசலிலிருந்து அழைத்துவருவதற்கு ஆட்டக்காரர், அதன்பிறகு 'உண்மையான' நிகழ்ச்சி. ஒரு விழாவில் எங்கள் குழு பிரதம விருந்தினருக்காக வெயிலில் இரண்டு மணித்தியாலம் கரப்புடுப்போடு நின்றது. அந்தக் காசு மூன்று மாதம் கழித்து வந்தது, பஸ் வாடகை கழித்து. இப்போது முதல் தொலைபேசி அழைப்பிலேயே கேட்டுவிடுகிறேன்: "நிகழ்ச்சி நிரலில் எங்கள் பெயர் இருக்குமா, எத்தனையாவது?"

முதல் தடவையாக வெளியே போகும் குழுவுக்கு இது மிக நல்ல வழி. தவறினால் இரவு பஸ்ஸில் வீடு வந்து சேரலாம். அப்புறம், வெளிநாட்டு விழாக்களின் தெரிவாளர்கள் இங்கேதான் வருகிறார்கள். அவர்கள் கூத்தை முதன்முதலாக அலைபேசித் திரையில் பார்ப்பதைவிட நேரில் பார்ப்பது எவ்வளவோ மேல்.

## வழி நான்கு: இணையத்தில் சேர்ந்து செய்வது

சுருக்கமாகச் சொல்கிறேன். நேரலையில் சேர்ந்து வாசிக்க முடியாது. ஒலி போய்ச்சேர 25–30 மில்லிசெக்கன் தாமதமானாலே தாளம் பிடிப்பது சிரமம். இங்கிருந்து ஐரோப்பாவுக்கு அதைப்போல பல மடங்கு ஆகும். ஒருவர் பதிவு செய்து அனுப்ப, மற்றவர் அதன்மேல் வாசித்து அனுப்பும் முறைதான் வேலை செய்யும். இசைக்குச் சரி, ஆட்டத்துக்குச் சப்பென்று இருக்கும்.

ஆனால் இது பெண் பார்க்கப் போவது மாதிரி. விமானச் சீட்டுப் போடும் முன் இரண்டு மாதம் பதிவுகள் அனுப்பிப் பாருங்கள். பதில் போடத் தாமதிக்கிறாரா, உங்கள் பதிவைக் கேட்காமலே தன்னுடையதை அனுப்புகிறாரா என்பது அதிலேயே தெரிந்துவிடும். செலவு டேட்டாவும் ஒரு நல்ல ஒலிவாங்கியும்தான்.

## ஒரே பார்வையில்

| | வெளிநாடு போவது | இங்கே அழைப்பது | உள்நாட்டு சர்வதேச விழா | இணையம் |
|---|---|---|---|---|
| சேர்ந்து வேலை செய்யும் நாட்கள் | பெரும்பாலும் 0–3 | 20–30 | 1–3 | நாட்கணக்கு இல்லை, மாதக்கணக்கில் இழுக்கும் |
| வெட்டுவது யார் | விழா | நாங்கள் | பேசிப் பார்க்கலாம் | இருவரும் |
| காசு | முதலில் எங்கள் கையிலிருந்து | பயணி வழியாக வரும் | பிந்தி வரும் | தேவை குறைவு |
| போகும் கூலி | 10–15 நாள், விசா அலைச்சல் வேறு | மிகக் குறைவு | 2–4 நாள் | இல்லை |
| மறைந்த செலவு | விசா மறுப்பு, பொதி | வீட்டுப் பெண்களின் உழைப்பு, பதிவு உரிமை | விளக்கேற்றும் மேளமாகிவிடுவது | உற்சாகம் வற்றுவது |
| யாருக்குப் பொருந்தும் | 4 பேர் வரையான, தயார் உருப்படி உள்ள குழு | ஊரோடு ஒட்டிய பெரிய குழு | முதல் தடவை போகிறவர் | இன்னும் ஆளை அறியாதவர் |

## அந்த மூன்று குழுக்களுக்கும் சொன்னது

கிண்ணியா இளைஞர்களோடு பேச்சு சீக்கிரம் முடிந்தது. கொழும்புக்குப் போங்கள், ஆனால் பொல்லடியின் பத்து நிமிட வீடியோ ஒன்றை ஒழுங்காக எடுத்து, தமிழில் ஒரு பக்கம் விளக்கமும் எழுதிவிட்டுப் போங்கள் என்றேன். விளக்கம் இல்லாமல் போனால் விழாக்காரர் தாங்களாக ஒன்று எழுதுவார்கள், அதில் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். கம்பு அடிக்கும் ஓசைக்குள் பைத்துப் பாட்டின் வரிகள் எப்படி உட்காருகின்றன என்பதை அவர்களில் ஒரு பையன் எனக்கு ஐந்து நிமிடத்தில் விளக்கினான். அதையே அப்படியே எழுதச் சொன்னேன்.

நகரத்து இசைக்குழு அந்தத் தாளவாத்தியக்காரரை அழைக்கட்டும் என்பது என் முடிவு. ஆனால் இப்போதே வேண்டாம். முதலில் நான்கு பதிவுகள் போய்வரட்டும், ஒப்பந்தத்தை நான் எழுதித் தருகிறேன், அடுத்த பெப்ரவரிக்கு நாள் குறிப்போம். அவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். இந்த ஓகஸ்டிலேயே வரட்டும் என்று கேட்டுப் பார்த்தார்கள். உப்புவெளி அறை வாடகையைச் சொன்னதும் பேச்சு நின்றது.

மூதூர்க் குழுவுடன்தான் ஒரு பின்னேரம் முழுக்க இருந்தேன். போக வேண்டாம் என்று நேரே சொல்ல எனக்கு உரிமை இல்லை. கூத்தாடி முப்பது வருடமாகியும் கொழும்புக்கு அப்பால் போகாத மனிதர்கள், ஐரோப்பாவிலிருந்து கடிதம் வந்திருக்கிறது, யாருக்குத்தான் ஆசை வராது. ஆகவே சேர்ந்து ஒரு பதில் எழுதினோம். கேட்டது மூன்று: விமானச் சீட்டில் பாதியாவது நீங்கள் ஏற்க முடியுமா? நிகழ்ச்சியை 90 நிமிடமாக்கித் தருவீர்களா, எதை ஆடுவது என்பதை எங்கள் அண்ணாவியார் தீர்மானிக்கலாமா? முடியாவிட்டால், பன்னிரண்டு பேர் அங்கே வருவதற்குப் பதிலாக உங்கள் கலைஞர்கள் இரண்டு பேரை அடுத்த மார்ச்சில் எங்கள் களரிக்கு அனுப்புவீர்களா?

மூன்றாவது கேள்வியை எழுதும்போது அண்ணாவியார் சிரித்தார். "வந்தா சல்லரியிலதான் தொடங்கோணும் எண்டும் எழுதிவிடுங்க."

இதை எழுதும்வரை பதில் வரவில்லை. இதற்கிடையில் பன்னிரண்டு பேரும் வான் பிடித்து வவுனியாவுக்குக் கடவுச்சீட்டு எடுக்கப் போகிறார்கள். அதை நான் தடுக்கவில்லை, கடவுச்சீட்டு பத்து வருடம் செல்லும்.